மதுரையில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு: அன்றாடத் தொல்லைகளைச் சமாளிப்பது எப்படி?

உடற்கூறியல் எனும் அனாட்டமி கஷ்டம் என்று சொல்லித்தான் எல்லாரும் அனுப்பிவைப்பார்கள். நாம் அறுத்துப் படிக்கிற உடல்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தின் நெடி கோட்டில் ஒட்டிக்கொண்டு ஹாஸ்டல் ரூம் வரைக்கும் வரும் என்பதை யாரும் சொல்வதில்லை, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டிசெக்‌ஷனுக்கென்று தனிக் கோட் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற துணிகளோடு அதை ஊறவைக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அந்த நேரத்துக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது, கண் அப்படி எரியும். வெறும் வயிற்றோடு போகவே கூடாது. பசியும் நம்ம ஊர்ப் புழுக்கமும் சேர்ந்தால் நின்ற இடத்திலேயே தலை சுற்றும், நாலு இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும்.

டேபிளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், பின்னால் நிற்கிறவருக்கு முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும். அன்றைக்குப் பார்க்கப்போகிற பகுதியை முதல் நாள் ராத்திரியே படித்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு ஆசிரியரிடம் கேட்டு ஒரு நரம்பையாவது உங்கள் கையால் தொட்டுத் தொடர்ந்து பாருங்கள். அங்கே போன் வெளியே வரக்கூடாது. யாரோ ஒருவருடைய அப்பாவோ பாட்டியோதான் அங்கே படுத்திருக்கிறார்.

உடலியங்கியல் எனும் பிசியாலஜி லேப்பில் சொந்த விரலைக் குத்தி ரத்தம் எடுக்கிற நாள்தான் நிறையப் பேருக்கு எரிச்சலாகிறது. வலி பெரிதில்லை. ரத்தம் உறிஞ்சுகிற கண்ணாடிக் குழாயான பிப்பெட்டுக்குள் உறைந்துவிட்டால் மறுபடியும் குத்த வேண்டும், அதுதான் கொடுமை. முதலில் டைல்யூட் செய்கிற திரவத்தை வாட்ச் கிளாஸ் எனும் சின்னக் கண்ணாடித் தட்டில் ஊற்றி வையுங்கள், ரத்த அணுக்களை எண்ண உதவும் கட்டம் போட்ட கண்ணாடியான நியூபவர் சேம்பரின் கோடுகளை மைக்ராஸ்கோப்பில் தெளிவாகக் கொண்டுவந்து வையுங்கள், அப்புறம்தான் விரல். மோதிர விரலின் நுனியில், நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். விரலைப் பிழியாதீர்கள், திசுநீர் கலந்து எண்ணிக்கை குறைந்துவிடும். அடுத்தவர் குத்திய ஊசியை, அதாவது லான்செட்டைத் தொடவே வேண்டாம்.

தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ஒன்று. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதில் உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ உள்ளே வந்த பிள்ளை வாய்மொழித் தேர்வான வைவாவில் வாயடைத்து நின்றால் அதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, வாய்க்கு ஆங்கிலம் பழக்கமில்லை, அவ்வளவுதான். விஷயத்தைத் தமிழிலேயே புரிந்துகொள்ளுங்கள். கைக்குப் போகிற நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸ் என்றால் சி5 முதல் டி1 வரை ஐந்து தண்டுவட நரம்பு வேர், அதிலிருந்து டிரங்க் எனும் தண்டு மூன்று என்று வெள்ளைத்தாளில் வரைந்துகொண்டே, ரூம்மேட்டிடம் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். முதல் வாக்கியம் தடங்கலில்லாமல் வந்துவிட்டால் மிச்சம் வந்துவிடும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சீட் கிடைத்த மறுநாளிலிருந்தே சொந்தக்காரர்கள் போன் வரும், சுகர் மாத்திரையை ரெண்டாப் போடலாமா என்று மாமா கேட்பார். “மாமா, மருந்துப் பாடமே எங்களுக்கு அடுத்த வருஷந்தான். எழுதிக்கொடுத்த டாக்டர்கிட்டயே கேப்போம், வேணும்னா நானும் கூட வர்றேன்” என்று சொல்லிவிடுங்கள். மரியாதை கெடாது. ஊகத்தில் மட்டும் பதில் சொல்லாதீர்கள்.

அட்டெண்டன்ஸ் தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80. திருமங்கலம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் முதல் வகுப்பை அடிக்கடி தவறவிட்டால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது, அந்த வாரம் மட்டும் நண்பர் ரூமில் தங்க முன்கூட்டியே கேட்டு வையுங்கள். செய்முறை நோட்டான ரெக்கார்டை அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மைக்ராஸ்கோப்பில் திசுக்களைப் பார்த்து வரைகிற ஹிஸ்டாலஜி படங்களுக்கு ரோஸ், ஊதா பென்சில்கள்தான் சீக்கிரம் தீரும், ரெண்டு ரெண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.