தொலைபேசி தெரிந்தால் போதுமா? மலையக மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும், பல்கலைக்கழகம் செல்லப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது இணையவழி விண்ணப்பம். மின்னஞ்சல் முகவரி இல்லாமல் நகராது. மலையக நகரங்களான ஹட்டனிலும் பண்டாரவளையிலும், இணையவழி விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கொமியூனிகேஷன் கடை வாசலில் நிற்கும் பிள்ளையிடம் முகவரியைக் கேட்டால் பெரும்பாலும் ஒன்று இருக்கும். தரம் 11 முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய காலத்தில் கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்தது. கடவுச்சொல்தான் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

தவறுகளில் பெரியது இதுதான் என்பேன். கணக்கை மீட்பதற்கென்று பதிவான இலக்கம் கடைக்காரருடையதாகவோ அம்மாவின் பழைய சிம்மாகவோ இருக்கும். நீண்ட காலம் ரீலோட் செய்யாத சிம் துண்டிக்கப்பட்டு, அதே இலக்கம் பின்னர் வேறொருவர் கைக்குப் போகலாம். இன்னொன்றும் உண்டு: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கும் விதியை கூகுள் 2023இல் அறிவித்தது. சாதாரண தரத்துக்கும் உயர்தரப் பெறுபேற்றுக்கும் இடையே அதைவிட அதிக காலம் ஓடிவிடுகிறது!

தரம் 10இலேயே மாணவர் தம் கையால் கணக்கைத் திறக்கட்டும். முகவரியில் முழுப்பெயர் இருக்கட்டும். விளையாட்டாக வைத்த பட்டப்பெயர் விண்ணப்பத்தில் பல்லிளிக்கும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியதும், தொலைபேசி கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் எட்டு இலக்கங்கள் கொண்ட பத்துக் காப்புக் குறியீடுகளைப் பெறலாம். அவற்றைத் தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடலாம். ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், இந்தத் தாள் மிகவும் உதவும். மாதம் ஒரு முறையாவது உள்ளே போய் வந்தால் கணக்கு உயிரோடிருக்கும்.

அடுத்தது தேடல். விஞ்ஞானப் பாடத்துக்காக யூடியூபில் 'ஒளிச்சேர்க்கை' என்று தேடினால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டக் காணொளிகள் கொட்டும். விளக்கம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம் பாடநூலில் அது ஒளித்தொகுப்பு; அங்கே செல் என்பது இங்கே கலம், ஆக்சிஜன் என்பது ஒட்சிசன். விடைத்தாளில் இரண்டையும் கலந்து எழுதும் பிள்ளைக்கும் குழப்பம், திருத்துபவருக்கும் குழப்பம். பாடநூலில் உள்ள சொல்லையே தேடுபெட்டியில் இடுங்கள். தரத்தையும் 'இலங்கை' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் இருக்கின்றன. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்திலிருந்து கோப்பாக இறக்கலாம். மூடுபனியில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறும் பிள்ளைக்கு, ஒரு முறை இறக்கிவைத்த கோப்பு பத்துக் காணொளிக்குச் சமம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடியிடம் கட்டுரை கேட்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அது தரும் தமிழில் தமிழ்நாட்டுக் கலைச்சொற்கள் தாராளமாக வரும். நம் வரலாறு, புவியியல் பற்றித் தவறான செய்தியைக்கூடத் தயங்காமல் சொல்லும். விளங்காத பகுதியை விளக்கச் சொல்லிக் கேட்கலாம், பிறகு பாடநூலோடு ஒப்பிடலாம். அப்படியே பிரதி செய்த ஒப்படையை ஆசிரியர் முதல் பந்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கட்டுரை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோடில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

பரீட்சை அனுமதி அட்டையைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போடாதீர்கள். அதில் உள்ள பரீட்சைச் சுட்டெண் கையில் இருந்தால் பெறுபேற்றை யாரும் பார்க்கலாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் படத்தோடு சுட்டெண்ணையும் சேர்த்துப் பதிவிடும் பெரியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, எக்செல் போன்ற விரிதாள். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் சூத்திரங்களை மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். கணினி முன்னால் உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. கற்பனைக் கடையின் விற்பனைப் பட்டியலுக்குப் பதிலாக, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் சம்பளக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிரலில் திகதி, அடுத்ததில் கொழுந்து நிறுவை, அதற்கடுத்ததில் முழுப் பேரா அரைப் பேரா, அதாவது அன்றைக்கு முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா என்பது. கணினி அறை வாரம் ஒரு பாடவேளைதான் கிடைக்கிறதென்றால், தினமும் கொப்பியில் குறித்து வந்து அன்று பதியலாம். மாத முடிவில் சம்பளத்தைக் கூட்டி, ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதத்தைக் கழித்து, சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். வேறு கழிவுகளும் சீட்டில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சேருங்கள். எந்த வரி எதற்கென்று விளங்கவில்லையோ, அதைத் தோட்டத்து அலுவலகத்தில் அம்மா கேட்கட்டும்.