செம்பு தெளித்த தேயிலை மண்ணில் நுண்ணுயிரிகளின் தாங்குதிறனை அளப்பது எப்படி?

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இலைகளைத் தாக்கும் பூஞ்சை நோயான கொப்புள நோயைக் கட்டுப்படுத்தப் பல பத்தாண்டுகளாகக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் செம்புப் பூஞ்சைக்கொல்லி தெளிக்கப்பட்டு வருகிறது. செம்பு ஒரு தனிமம் என்பதால் அது சிதைவதில்லை. மேல்மண்ணிலேயே ஆண்டுக்காண்டு சேர்கிறது. அதைத் தாங்க முடியாத பாக்டீரியாக்கள் மடிய, செம்பை உடலுக்கு வெளியே தள்ளும் புரத இறைப்பான்களைக் கொண்டவை அந்த இடத்தில் பெருகுகின்றன. அந்த இறைப்பானுக்குரிய மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருந்தால், அண்டையிலுள்ள பாக்டீரியாவுக்கும் அது கைமாறக்கூடும். எஞ்சிய கூட்டத்தின் தாங்குதிறனையே மாசின் தடயமாகக் கொள்ளலாம் என்று 1988-இல் சுவீடனின் பிளாங்க் குழுவினர் முன்வைத்த கருத்தே இந்தச் சோதனைக்கு அடிப்படை. கல்லூரி ஆய்வக வசதியும் ஆசிரியரின் மேற்பார்வையும் இதற்குப் போதும்.

முதலில் மண்ணைத் தேர்ந்தெடுங்கள். சோதனையின் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது. செம்பு தெளித்த தோட்டத்தோடு ஒப்பிடச் சோலைக்காட்டு மண்ணை எடுக்கத் தோன்றும். ஆனால் அதில் மிகுந்துள்ள மட்கு செம்பைப் பிணைத்துக்கொள்வதால் ஒப்பீடு பிழையாகும். வனத்துறையின் அனுமதியும் தேவைப்படும். ஆகவே, செம்பே தெளிக்காத மற்றொரு தேயிலைத் தோட்டத்தைத் தேடுங்கள். இயற்கை வேளாண்மைத் தோட்டம் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அங்கும் செம்பு உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை பயன்பட்டிருக்கலாம் என்பதால் நேரில் கேட்டறியுங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஐந்து இடங்களில், 10 செ.மீ. ஆழத்துக்குள் மண்ணெடுத்துக் கலந்து, அமிலத்தன்மையையும் குறித்துக்கொள்ளுங்கள். அமிலம் மிகுந்த மண்ணில் செம்பு எளிதில் கரைந்து நுண்ணுயிரிகளைக் கூடுதலாகத் தாக்கும்.

அடுத்து, பாக்டீரியாக்களுக்கு உணவாகும் நீர்த்த ஊட்டக்கூழை, அதை உறையவைக்கும் அகார் சேர்த்துக் குக்கரில் வேகவையுங்கள். குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் வழக்கமான குக்கர், நுண்ணுயிரிகளை முற்றிலும் கொல்லத் தேவையான 121 டிகிரி செல்சியசை எட்டாது. 20 நிமிடத்துக்குப் பதிலாக 40 நிமிடம் வையுங்கள். சூடு தணிந்ததும், கொதிக்கவைத்து ஆற்றிய மயில்துத்தக் (காப்பர் சல்ஃபேட்) கரைசலை, லிட்டருக்கு 0, 0.4, 0.8, 1.6 கிராம் மயில்துத்தம் என்ற அளவுகளில் சேர்த்துப் பெட்ரி தட்டுகளில் ஊற்றுங்கள். மயில்துத்தத்தின் எடையில் கால்பங்குதான் செம்பு.

பத்து கிராம் மண்ணை 90 மி.லி. நுண்ணுயிர் நீக்கிய நீரில் குலுக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஒவ்வொரு தட்டிலும் 0.1 மி.லி. பரப்புங்கள். மலைக்குளிரில் வளர்ச்சி மெதுவாக இருக்குமாதலால் ஏழு நாள் பொறுத்து, 30 முதல் 300 வரை புள்ளிகள் (பாக்டீரியாக் கூட்டங்கள்) உள்ள தட்டுகளை மட்டும் எண்ணுங்கள். செம்புத் தட்டின் எண்ணிக்கையைச் செம்பில்லாத தட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் தாங்குதிறன் விகிதம் கிடைக்கும்; நீர்ப்பு வேறுபட்டால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

செம்பு தெளித்த தோட்ட மண்ணின் விகிதம் உயர்ந்திருந்தால் மண் நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். செம்பில்லாத தட்டுகளில் எத்தனை நிறங்களிலும் வடிவங்களிலும் புள்ளிகள் வளர்ந்துள்ளன என்று இரு மண்ணுக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். வகைகள் குறைந்திருந்தால், தாங்காதவை ஏற்கெனவே மறைந்துவிட்டன என்பதற்கான குறிப்பாக அது அமையலாம். மண் பாக்டீரியாக்களில் மிகச் சிறு பங்கே தட்டில் வளரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எண்ணிக்கை தட்டுக்குத் தட்டு மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறையாவது செய்யுங்கள். முடிந்த தட்டுகளைக் குக்கரில் மீண்டும் வேகவைத்து, செம்புக் கழிவை ஓடையில் கொட்டாமல் தனிப் புட்டியில் சேர்த்து ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.