மாங்காவும் அனிமேவும்: முதல் பக்கத்திலிருந்து கொமிக்கெட் வரிசை வரை

மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதைக்குப் புதியவர் புத்தகத்தைத் திறந்ததும் பார்ப்பது பெரும்பாலும் கதையின் முடிவைத்தான். ஜப்பானிய மாங்காவுக்கு முதுகு வலப்புறம். நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதுதான் அதற்கு முன்னட்டை. முதுகு வலக்கைப் பக்கம் வரும்படி பிடித்துத் திறங்கள். மேல் வலது மூலைக் கட்டத்தில் தொடங்கி இடப்பக்கம் போங்கள், வரிசை முடிந்ததும் கீழே இறங்குங்கள். ஒரே கட்டத்துக்குள் இருக்கும் பேச்சுக் குமிழிகளுக்கும் இதே வரிசைதான். கேள்விக்கு முன்னால் பதில் வருவதுபோல் தோன்றினால் குமிழிகளை இடமிருந்து வலமாகப் படித்துவிட்டீர்கள் என்று பொருள்.

வலப்புறம் ஒரு நெட்டைக் கட்டமும் அதன் இடப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிறு கட்டங்களும் இருக்கும் பக்கத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதலில் நெட்டைக் கட்டம், பிறகு இடப்புறம் மேலே உள்ளது, அப்புறம் கீழே உள்ளது. சந்தேகம் வந்தால் கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியைப் பாருங்கள். பக்கவாட்டு இடைவெளி குறுகலாகவும், வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே உள்ளது அகலமாகவும் வைப்பது ஓவியர்களின் வழக்கம். குறுகலான இடைவெளியைத் தாண்டிப் போங்கள், அகலமானதை வரிசையின் முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள். 'யோன்கோமா' எனும் நான்கு கட்ட நகைச்சுவைக்கு மட்டும் விதி வேறு: வலது பத்தியை மேலிருந்து கீழாக முழுவதும் முடித்துவிட்டுத்தான் இடது பத்திக்கு வரவேண்டும்.

பழைய மொழிபெயர்ப்புகளில் பக்கங்களைக் கண்ணாடி பிம்பம்போல் திருப்பி அச்சிட்டார்கள். அதனால் வலக்கைக்காரர்கள் எல்லாரும் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். அதைவிட மோசம் கிமோனோ. அணிபவரின் இடப்பக்கத் துணி மேலே வரும்படி மடித்துக் கட்டுவதே முறை. வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் விதம். திருப்பி அச்சிட்ட புத்தகத்தில் கதாபாத்திரங்கள் பிண உடையோடு உலா வந்தார்கள். இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் மூலத்தின் திசையிலேயே வருகின்றன.

படத்தின்மேல் பெரிதாக எழுதியிருக்கும் ஒலிச்சொற்களைத் தாண்டிப் போகாதீர்கள். இரட்டைக்கிளவியோடு வளர்ந்த நமக்கு இவை எளிதில் பிடிபடும். 'டோக்கிடோக்கி' என்றால் நெஞ்சு படபடக்கிறது, 'கிராகிரா' என்றால் ஏதோ பளபளக்கிறது, 'நிக்கோநிக்கோ' என்றால் முகம் மலர்ந்த சிரிப்பு. 'ஷீன்' மட்டும் விசித்திரம்: அது நிசப்தத்தின் ஒலி. நெற்றியில் சிலுவைபோல் புடைத்த நரம்பு கோபத்தையும், பெரிய வியர்வைத்துளி தர்மசங்கடத்தையும், மூக்கிலிருந்து ஊதும் குமிழி தூக்கத்தையும் காட்டும்.

வகைப் பெயர் என்று நினைத்து ஏமாறும் நான்கு சொற்கள்

ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய். இவை நான்கும் கதை வகைகள் அல்ல. முறையே சிறுவர், சிறுமியர், வளர்ந்த ஆண்கள், வளர்ந்த பெண்கள் என்று இதழ் யாரைக் குறிவைத்து விற்கப்படுகிறது என்பதைச் சொல்பவை. 1959 மார்ச் 17 அன்று ஒரே நாளில் வெளிவந்த ஷோனென் மேகசின், ஷோனென் சண்டே இரண்டும், 1968இல் வந்த ஷோனென் ஜம்பும் சிறுவர் இதழ்கள். ரிபோன், நகாயோஷி சிறுமியர் இதழ்கள். ஒரு தொடர் எதில் சேரும் என்று அறிய அது முதலில் எந்த இதழில் வந்தது என்று தேடுங்கள், வாதம் அங்கேயே முடிந்துவிடும். 'ரத்தம் தெறித்தால் செய்னென், காதல் இருந்தால் ஷோஜோ' என்ற கணக்கு தேறாது. பள்ளி மாணவிகள் தேநீர் குடித்துக்கொண்டு அரட்டை அடிக்கும் கதைகள் பலவும் செய்னென் இதழ்களில்தான் வருகின்றன. உண்மையான வகைப் பெயர் வேண்டுமென்றால் இசெகாய் (வேறோர் உலகத்துக்குப் போய்ச் சேர்தல்), மெக்கா (ராட்சத இயந்திரங்கள்), நிச்சிஜோ (அன்றாட வாழ்க்கை) போன்றவற்றைப் பயன்படுத்துங்கள்.

ஜப்பானியக் கடையில் ஒரு பொறி உண்டு. ஆண்களுக்கான இதழ் வகையைச் சொல்லும் 'செய்னென்', வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று ஆபாசக் காமிக்ஸின் அட்டையில் அச்சிடும் 'செய்னென்' இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே, கான்ஜி எனும் சீன வழி எழுத்து வேறு. முதலாவது நீல நிறத்தைக் குறிக்கும் எழுத்தோடு தொடங்கும். ஊழியரிடம் வாயால் கேட்பதைவிட எழுத்தைக் காட்டிக் கேட்பது நல்லது.

ஜப்பானிய மொழி கற்பவர்கள் ஷோனென் அல்லது ஷோஜோ இதழ்க் கதைகளில் தொடங்கலாம். அவற்றில் கான்ஜிக்குப் பக்கத்தில் 'ஃபுரிகானா' எனும் சிறிய உச்சரிப்பு எழுத்து இருக்கும். வளர்ந்தவர்களுக்கான இதழ்களில் அது குறைவு.

சான், குன், சாமா: விகுதியில் ஒளிந்திருக்கும் கதை

வசன மொழிபெயர்ப்பில் முதலில் காணாமல் போவது பெயரோடு ஒட்டும் இந்த விகுதிதான். அதனால் அனிமே (ஜப்பானிய அசைபடம்) பார்க்கும்போது காதால் கேளுங்கள்.

'சான்' பொதுவான மரியாதை. நம் 'ங்க' போல யாரிடமும் ஆபத்தில்லாமல் பயன்படும். 'குன்' பையன்களுக்கும், வேலையிடத்தில் இளையவர்களுக்கும். 'சான்' என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத 'ச்சான்' குழந்தைகள், நெருங்கிய தோழிகள், செல்லப் பிராணிகளுக்கு. 'சாமா' கடவுளுக்கும் வாடிக்கையாளருக்கும். பள்ளியிலும் வேலையிடத்திலும் மூத்தவர் 'சென்பாய்'. அதைத் தனியாகவும் அழைக்கலாம், பெயரோடு சேர்த்தும் அழைக்கலாம். இளையவர் 'கோஹாய்', ஆனால் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. 'சென்செய்' ஆசிரியர், மருத்துவர், மாங்கா ஓவியர் மூவருக்கும் பொருந்தும்.

இந்த விகுதி எதையும் ஒருவர் தன் பெயருக்குப் பின்னால் தானே ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு கதாபாத்திரம் தன்னையே 'ஓரே-சாமா' ('ஓரே' என்றால் நான்) என்று சொல்லிக்கொண்டால் தலைக்கனம் பிடித்தவன் என்பதற்கான அடையாளம் அது.

விகுதியே இல்லாமல் அழைப்பது 'யோபிசுதே'. குடும்பப் பெயரோடு 'சான்' என்று பல அத்தியாயங்கள் ஓடி, ஒரு நாள் இயற்பெயரை மட்டும் சொன்னால், 'நீங்க' என்று பேசியவர் 'நீ' என்று இறங்கிவந்ததற்குச் சமம். கதாநாயகி ஏன் திடீரென்று முகம் சிவக்கிறாள் என்று விளங்காத காட்சிகளில் பாதிக்கு விடை இங்கேதான்.

குணத்தைச் சொல்லும் முத்திரைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். சிடுசிடுப்பைக் குறிக்கும் 'ட்சுன்ட்சுன்', கொஞ்சலைக் குறிக்கும் 'தெரேதெரே' இரண்டும் சேர்ந்ததே 'ட்சுன்தெரே'. மனம் பிறழ்ந்த காதல் 'யான்தெரே'. உணர்ச்சியைக் காட்டாதவர் 'கூதெரே'.

நேர அட்டவணையும் ரசிகர் பேச்சும்

தொலைக்காட்சி அனிமே 'கூர்' கணக்கில் ஓடும். ஒரு கூர் மூன்று மாதம், 12 அல்லது 13 அத்தியாயம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் புதியவை தொடங்கும். அட்டவணையில் 'சனி 25:30' என்று இருந்தால் அச்சுப்பிழை இல்லை, ஞாயிறு அதிகாலை 1:30. இதைக் கவனிக்காமல் சனி அதிகாலையில் காத்திருந்து ஏமாறுபவர்கள் உண்டு. ஜப்பான் நேரத்திலிருந்து உங்கள் நேரத்துக்கு மாற்றும்போது முதலில் 24ஐக் கழித்து, நாளை ஒன்று கூட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு மாற்றுங்கள்.

குரல் நடிகர் 'செய்யு'. 'சகுகா' ஜப்பானில் அசைபடத்துக்கு வரையும் வேலையின் பெயர்; வெளிநாட்டு ரசிகர்கள் அசத்தலான அசைவுள்ள காட்சியை மட்டும் அப்படிச் சொல்கிறார்கள். 'அனிமே'வும் இப்படித்தான். ஜப்பானில் எந்த நாட்டு அசைபடமும் அனிமேதான்.

'ஒதாக்கு' என்ற சொல் 1983இல் ஒரு மாங்கா இதழின் பத்தியில் ரசிகர்களைக் குத்திக்காட்டும் பெயரானது. இன்று அந்த முள் பெரும்பாலும் மழுங்கிவிட்டது. ரயில் பைத்தியங்களும் ஒதாக்குதான். ஆனாலும் தன்னைச் சொல்லிக்கொள்வது வேறு, அறிமுகமில்லாதவரைச் சொல்வது வேறு. பிடித்த கதாபாத்திரம் அல்லது கலைஞர் 'ஒஷி'. கதையை முன்கூட்டியே உடைப்பது 'நெதாபாரே'. இரு கதாபாத்திரங்களை ரசிகர்கள் ஜோடி சேர்ப்பது 'கப்புரிங்'. ஆண்-ஆண் ஜோடிகளில் எந்தப் பெயர் முன்னால் வருகிறது என்பதற்குப் பொருள் உண்டு, காதலில் முன்கை எடுப்பவர் முதலில் வருவார். பெயர்களை மாற்றிப் போட்டால் அது வேறொரு கூட்டத்தின் ஜோடி. ஜப்பானியத் தேடலில் தவறான முடிவுகள் குவிவதற்கு இது போதும்.

கொமிக்கெட்டுக்குப் போவதானால்

ரசிகர்கள் தாங்களே எழுதி வரைந்து அச்சிடும் இதழ் 'தோஜின்ஷி', அதை வெளியிடும் குழு, ஒரே ஆள் ஆனாலும், 'சர்க்கிள்'. இவற்றின் பெரிய சந்தை கொமிக்கெட். 1975 டிசம்பர் 21 அன்று 32 சர்க்கிள்களோடு தொடங்கியது. இப்போது ஆகஸ்டிலும் டிசம்பரிலும் டோக்கியோ பிக் சைட் கண்காட்சி மையத்தில் நடக்கிறது. நுழைவு முறை அவ்வப்போது மாறுவதால் ஒவ்வொரு முறையும் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள்.

முந்தைய இரவே போய் வரிசையில் படுப்பதற்குத் தடை. காஸ்ப்ளே எனும் கதாபாத்திர வேட உடையோடு வீட்டிலிருந்து வருவதும் கூடாது. அங்கே பதிவு செய்து, உடைமாற்றும் அறையில்தான் மாற்றவேண்டும். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

விலை பெரும்பாலும் 500, 1,000 யென் என்று முழு எண்ணில் இருக்கும். 1,000 யென் தாள்களையும் 500, 100 யென் நாணயங்களையும் நிறையக் கொண்டுபோங்கள். காலையில் 10,000 யென் தாளை நீட்டினால் சில்லறைக்காக வரிசையே நின்றுவிடும். போகவேண்டிய சர்க்கிள்களின் எண்களை முந்தைய நாளே வரைபடத்தில் குறித்து, கூட்டம் அதிகமுள்ள சுவரோர மேசைகளில் ஒன்றிரண்டை மட்டும் முதலில் வையுங்கள். ஐந்தாறுக்கு ஆசைப்பட்டால் இரண்டாவது வரிசை முடிவதற்குள் மற்றவை 'கன்பாய்', அதாவது விற்றுத் தீர்ந்திருக்கும்.

நீண்ட வரிசையில் கடைசி ஆள் 'வரிசையின் முடிவு' என்ற பலகையைப் பிடித்திருப்பார். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் அதை வாங்கிப் பிடித்து, அடுத்து வருபவரிடம் கொடுங்கள். புதிய இதழ் 'ஷின்கான்', பழையது 'கிகான்'. மேசைக்கு வந்ததும் 'ஷின்கான் இச்சிபு குதசாய்' என்றால் புதிய இதழ் ஒரு பிரதி கையில் வந்துவிடும். தவறவிட்டால் கலங்கவேண்டாம், பல சர்க்கிள்கள் மெலன்புக்ஸ், தொரானோஆனா போன்ற கடைகளில் விற்பனைக்குக் கொடுக்கின்றன, 'இதாக்கு' (விற்பனைக்கு ஒப்படைத்தல்) என்ற சொல்லோடு தேடினால் கிடைக்கும்.