ஸ்காட்லாந்துப் பிடில் மெட்டு ஒன்றின் வரலாற்றைத் தேடும் முறை

ஸ்காட்லாந்தின் பழைய பிடில் மெட்டு ஒன்று எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுவோர், அதன் தலைப்பை உடனே நம்பிவிடாமல், அது முதன்முதலில் அச்சேறிய நூலைத் தேடிப் பிடிக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பிடில் கலைஞர்களில் பலர் பிரபுக்களின் ஆதரவில் வாழ்ந்தவர்கள் என்பதால், ஆதரித்தவரின் பெயரையோ அவர் வீட்டுப் பெண்களின் பெயரையோ மெட்டுக்குச் சூட்டுவது வழக்கமாக இருந்தது; ஒரே மெட்டு வெவ்வேறு பெயர்களில் வலம் வந்ததும் உண்டு. தலைப்பு யாருக்குக் காணிக்கை என்பதைத்தான் சொல்லும்; இயற்றியவரைச் சொல்லும் என்பதற்கு உறுதியில்லை.

பெயரை வைத்துத் தேட முடியாதபோது சுரங்களை வைத்துத் தேடலாம். முதல் இரண்டு தாளக்கட்டுகளில் அழுத்தம் விழும் சுரங்களை மட்டும், ஆதார சுரத்தை 1 எனக் கொண்டு எண்களாக எழுதிக்கொள்ளுங்கள். நான்கு அடித் தாளத்தில் அமைந்த ஸ்ட்ராத்ஸ்பே நடன மெட்டுக்கு எட்டு எண்கள் கிடைக்கும். கலைஞருக்குக் கலைஞர் மாறும் அலங்காரங்கள் இதில் உதிர்ந்துவிடுவதால், பெயர் மாறிய மெட்டும் பிடிபடும். பிறகு, 1757ஆம் ஆண்டு முதல் எடின்பரோவில் ராபர்ட் பிரெம்னர் வெளியிட்ட ரீல் என்னும் விரைவு நடன மெட்டுகளின் தொகுப்பிலிருந்து தொடங்கிக் கால வரிசையில் ஒப்பிட்டு வாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இத்தகைய பழைய தொகுப்புகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பல நூல்களில் ஆண்டு அச்சாகியிருக்காது; அங்கே பதிப்பாளர் கடையின் தெரு முகவரியே காலத்தைக் கணிக்க உதவும்.

பிடில் கலைஞர் நீல் கோ தம் இரண்டாம் மனைவியின் மறைவுக்கு இயற்றிய புலம்பல் மெட்டை எடுத்துக்கொள்வோம். பெர்த்ஷயரில் டங்கெல்டுக்கு அருகிலுள்ள இன்வரில் வாழ்ந்த அவர், அத்தோல் பிரபுக்களின் ஆதரவைப் பெற்றவர். 1768இல் அவர் மணந்த மார்கரெட் உர்க்கார்ட் 1805இல் இறந்தார். மெட்டு 1809இல் வெளிவந்த கோ குடும்பத்தின் ஐந்தாம் தொகுப்பில் இடம்பெற்றது. ஆனால் நீல் கோ 1807இலேயே காலமாகிவிட்டார். ஆகவே நம் கையில் இருக்கும் அச்சு வடிவம், எடின்பரோவில் இசைப் பதிப்பாளராக இருந்த மகன் நத்தானியேலின் வழியாக வந்தது. கிழவர் வாசித்தது சுரம் பிசகாமல் இதுவேதான் என்று அடித்துச் சொல்ல இயலாது. இங்கே தலைப்பும் காலமும் ஒத்துப்போவது நம் அதிர்ஷ்டம்.

எல்லா மெட்டுக்கும் அப்படி வாய்ப்பதில்லை. கோர்டன் பிரபுவின் மாளிகை நிர்வாகியாக இருந்த வில்லியம் மார்ஷலின் மெட்டுகள் பல, அவர் பெயரின்றியே கோ குடும்பத்தின் தொகுப்புகளில் வெளிவந்தன. எனவே தொகுப்பாளரை இயற்றியவராக எழுதிவிடுவதற்கு முன், 1781, 1822 ஆகிய ஆண்டுகளில் மார்ஷல் வெளியிட்ட தொகுப்புகளையும் புரட்டிப் பார்ப்பது அவசியம். மார்ஷலின் ஸ்ட்ராத்ஸ்பே ஒன்றுக்குக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788இல் பாட்டு எழுதினார். பாடல் புகழ்பெற்றபின் மெட்டும் பாட்டின் பெயராலேயே அறியப்படுவதால், பாடல் தொகுப்புகளையும் விட்டுவிடக் கூடாது.

தேடிய முடிவை எழுதும்போது இயற்றியவர், முதல் அச்சு, அச்சிட்டவர் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். இயற்றியவருக்கு அச்சுச் சான்று கிட்டாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.