தொப்புள்கொடி ரத்தம்: கையெழுத்துப் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதாக இருந்தால், ஸ்கேனுக்கும் வளைகாப்புக்கும் நடுவில் பெரும்பாலும் தொப்புள்கொடி ரத்த வங்கி நடத்தும் தனியார் நிறுவனத்திடமிருந்து ஒரு போன் வந்துவிடும். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு, தவணையிலும் கட்டலாம் என்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவரிடம் பயத்தைக் காட்டி முடிவெடுக்க வைப்பது சரியில்லை. அந்த போனிலேயே சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்த ரத்தம் மதிப்பில்லாதது என்று நான் சொல்லவில்லை. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றையும் உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் அதில் நிறையவே உண்டு. 1988-இல் பாரிஸில், ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை முதன்முதலாக ஏற்றினார்கள், பலனும் கிடைத்தது. ஆனால் அது தங்கையின் ரத்தம், அவனுடையது அல்ல. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான்.

தலசீமியா போன்ற பரம்பரை நோய் ஒரு குழந்தைக்கு இருந்தால், அதன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே மரபணுக் கோளாறு இருக்கும். அதைத் திரும்ப ஏற்றுவது, பூச்சி அரித்த விதைநெல்லையே மறுபடி விதைப்பது போலத்தான். ரத்தப் புற்றுநோயிலும் சிக்கல் உண்டு. லுக்கீமியா வந்த குழந்தைகள் பலருக்கு, அதற்கு அடிப்படையான மாற்றம் பிறக்கும்போதே ரத்தத்தில் இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. விளம்பரத் தாளில் நோய்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் எத்தனை நோய்க்குச் சொந்த ரத்தம் உதவும், எத்தனைக்கு அடுத்தவர் ரத்தம் வேண்டும் என்று கேளுங்கள். ஆட்டிசத்துக்கும் மூளை முடக்குவாதத்துக்கும் இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. சொந்த உபயோகத்துக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டு நெறிமுறைகளும் சொல்கின்றன.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, சேமிக்கும் பை நிறைய வேண்டும் என்பதற்காகக் கொடியை அவசரமாக வெட்டுவது. பிறந்த பிறகும் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும். நிறைமாதக் குழந்தைக்கு மூன்று நிமிடத்துக்குள் 80 முதல் 100 மில்லி வரை போய்ச் சேரும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் ரத்தமே சுமாராகக் கால் லிட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய பங்கு என்று தெரியும். அடுத்த சில மாதங்களுக்கான இரும்புச்சத்து அதோடுதான் வருகிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதை 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரில், குழந்தைக்குச் சேர வேண்டிய ரத்தத்தை ஃப்ரீசருக்குத் திருப்பிவிடுவதை நம்மால் எப்படி ஏற்க முடியும்? ஒரு நிமிடத்துக்கு முன் கொடியை இறுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிறந்ததும் மூச்சுத் திணறும் குழந்தைக்கு உடனே சிகிச்சை தேவைப்பட்டால் அது வேறு விஷயம். அதை டாக்டர் முடிவு செய்வார். தாமதித்து வெட்டினால் மஞ்சள் காமாலைக்கு ஒளி சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். அதைக் கவனித்துச் சரிசெய்துவிடலாம்.

அப்புறம், லேப் ரிப்போர்ட். பிறந்த குழந்தையின் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 18 என்றும் வெள்ளையணு 20,000 என்றும் தடித்த எழுத்தில் வந்தால் வீடே கலங்கிவிடும். பிறந்த முதல் நாளில் இவை இயல்பான எண்கள்தான். பெரியவர்களுக்கான அளவை வைத்துக் குழந்தையின் ரிப்போர்ட்டைப் படிக்கக் கூடாது. கருவில் ஆக்சிஜன் குறைவு என்பதால் சிவப்பணு அதிகமாக உருவாகியிருக்கும். வெளியே வந்து மூச்சு விட ஆரம்பித்ததும் உடம்பு அந்த உற்பத்தியைக் குறைத்துவிடும். அதனால் இரண்டு, மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 10, 11 வரை இறங்கும், பிறகு தானாகவே ஏறும். இதைப் பார்த்து நீங்களாக டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் கீழே இறங்கலாம் என்பதால், அவர்களுக்கு டாக்டரின் கண்காணிப்பு கட்டாயம்.

சேமிக்கவே வேண்டாமா என்றால், வேண்டிய வீடுகளும் உண்டு. மூத்த பிள்ளைக்குத் தலசீமியா போல ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தேவைப்படும் நோய் இருந்தால், பிறக்கப்போகும் குழந்தையின் கொடி ரத்தம் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அப்படியிருந்தால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ரத்தவியல் நிபுணரிடம் பேசுங்கள். பிரசவ அறையில் யோசிக்கிற விஷயம் இல்லை இது. எடுத்த பிறகு, எத்தனை மில்லி என்பதை மட்டும் கேட்காமல் எத்தனை செல்கள் கிடைத்தன என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு பையில் கிடைப்பது சின்னப் பிள்ளைக்குப் போதலாம், வளர்ந்தவருக்குப் பெரும்பாலும் பற்றாது.

யாருக்காவது உதவ வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதற்குக் குழந்தையின் கொடி தேவையில்லை. சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவகம் இருக்கிறது. 18 வயது நிறைந்த ஆரோக்கியமான அப்பாவோ சித்தப்பாவோ கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்துப் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.