சிபி ரேடியோ ஆன்டெனா: இருக்கிற நாலு வாட்டையும் வழியில் தொலைக்காமல் இருக்க

“எத்தனை வாட் ஆன்டெனா வாங்கட்டும்?” அமெரிக்காவில் லாரி ஓட்டும் நண்பர்களும், வார இறுதியில் ஜீப்பில் மலைப்பாதைக்குப் போகிறவர்களும் சிபி ரேடியோ (பொதுமக்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் குறுந்தூர ரேடியோ) வாங்கிய கையோடு என்னிடம் கேட்கிற கேள்வி இது. முதல் தவறு இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

அட்டைப்பெட்டியில் 300 வாட், 1,500 வாட் என்று போட்டிருப்பது, அந்த ஆன்டெனா எவ்வளவு சக்தி வரைக்கும் சூடேறிக் கெடாமல் தாங்கும் என்கிற கணக்கு. குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அது சொல்லாது. பத்து டன் தாங்கும் பாலத்தில் போனாலும் சைக்கிள் சைக்கிள்தான். அமெரிக்காவில் எஃப்.சி.சி. (ரேடியோ அலைகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு) விதிப்படி சிபி ரேடியோ வழக்கமான ஏ.எம். முறையில் 4 வாட் வெளியிடலாம், எஸ்.எஸ்.பி. என்கிற இன்னொரு முறையில் உச்சத்தில் 12 வாட். மைக்கில் பேசும்போது அந்த 4 வாட் ஏ.எம். அலையின் உச்சி 16 வாட் வரை எழும்பும். சிபிக்கென்று ஒழுங்காகச் செய்த சாதாரண ஆன்டெனாவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பெரிய எண் போட்ட ஆன்டெனாவில் ஒரு நன்மை இருக்கலாம்: காயிலில், அதாவது ஆன்டெனாவில் உள்ள கம்பிச்சுருளில், தடித்த கம்பி சுற்றியிருப்பார்கள், அதனால் வெப்பமாக வீணாவது குறையும். அப்படியானால் பார்க்க வேண்டியது கம்பியை, பெட்டியில் அச்சடித்த எண்ணை அல்ல.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்போம். ரேடியோவை விட்டுக் கிளம்பும் 4 வாட்டில் எவ்வளவு காற்றில் ஏறுகிறது? வழியில் எங்கெல்லாம் சிந்துகிறது?

உயரத்தில் சிக்கனம் பார்ப்பது பெரிய இழப்பு. லாரிக்காரர்கள் கூடும் 19-ஆம் சேனல் 27.185 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது வண்டி ஆன்டெனாவுக்கு இயல்பான நீளம், 2.75 மீட்டர். பழைய ஆட்கள் 102 அங்குல விப்பை (வளையும் நீளக் கம்பி ஆன்டெனாவை) ஒரு ஸ்பிரிங்கின் மேல் மாட்டி ஓட்டியதற்குக் காரணம் இதுதான், அதில் காயிலே தேவைப்படாது. கார் கூரையில் அவ்வளவு உயரம் வைக்க முடியாது என்பதால் காயில் சுற்றிக் குட்டையாக்குகிறார்கள். குட்டையாகக் குட்டையாக, காற்றில் ஏற வேண்டிய சக்தியில் கூடுதல் பங்கு காயிலைச் சூடாக்குவதிலேயே போய்விடும். ஒரு முழத்துக்கும் குறைவான குட்டி ஆன்டெனா கண்ணுக்கு அழகாக இருக்கும், பார்க்கிங் கட்டடத்திலும் இடிக்காது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு ரேடியோவைக் குறை சொல்லக் கூடாது. வண்டிக்கு எவ்வளவு உயரம் தாங்குமோ அவ்வளவு உயரம் வையுங்கள். இடம் என்றால் கூரையின் நடுதான் முதல் தேர்வு. பின் பம்பரின் ஒரு மூலையில் வைத்தால் வண்டியின் எதிர் மூலைப் பக்கம் மட்டும் சற்று வலுவாகப் போகும், மற்ற திசைகளில் குறையும்.

அடுத்தது பாடி எர்த், அதாவது ஆன்டெனாவின் அடிப்பகுதிக்கும் வண்டியின் உலோக உடம்புக்கும் உள்ள மின்தொடர்பு. நான் நேரடியாகப் பட்டது இதில்தான். டெக்சாஸில் என் பழைய பிக்கப்பின் அலுமினிய டூல் பாக்ஸ் மேல் ஒரு கடையில் ஆன்டெனா பொருத்திக் கொடுத்தார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் எந்தச் சேனலிலும் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவில் மோதித் திரும்பும் சக்தியைக் காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 3-க்குக் கீழே இறங்கவில்லை. “ஆன்டெனா பழுது” என்றார்கள். இன்னொன்று வாங்கினேன், முள் அதே இடத்தில் நின்றது. வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆன்டெனா தாங்கியிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் வைத்தேன். தொடர்பே காட்டவில்லை. டூல் பாக்ஸுக்கும் வண்டிக்கும் நடுவே நுரை ரப்பர் பட்டை, அதற்குக் கீழே பெயின்ட். உலோகத்தோடு உலோகம் எங்கேயும் தொடவில்லை. போல்ட் இறங்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பின்னல் செம்புப் பட்டை ஒன்றை டூல் பாக்ஸிலிருந்து சேஸிஸுக்கு இறுக்கினேன். முள் 1.4-க்கு வந்து நின்றது. அன்று நான் செலவழித்தது அந்தப் பட்டையின் விலை மட்டும்தான். முதலிலேயே இதைப் பார்த்திருந்தால் இரண்டாவது ஆன்டெனா வாங்கியே இருக்க மாட்டேன்.

இப்படி ஆவதற்குக் காரணம் எளிது. கால் அலை ஆன்டெனா பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி வண்டியின் உலோக உடம்பு. உடம்போடு தொடர்பு இல்லையென்றால் கம்பி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஒரு காலில் நிற்கிற கதைதான். லாரிகளில் கண்ணாடி தாங்கிகளின் அடியில் ரப்பர் வைத்திருப்பார்கள், கதவின் கீல் வழியாக வரும் தொடர்பையும் நம்ப முடியாது. அங்கெல்லாம் தனிப்பட்டை போடுவது நல்லது. காந்தத்தில் ஒட்டும் ஆன்டெனா மட்டும் விதிவிலக்கு: அது பெயின்டின் வழியாகவே கூரைத் தகட்டோடு மின்தேக்கி போல இணைந்துகொள்ளும், சுரண்ட வேண்டாம். ஃபைபர் உடம்பு கொண்ட வண்டிக்கு, உலோகத் தளம் தேவைப்படாத ஆன்டெனாவை அதற்குரிய கேபிளோடு சேர்த்தே வாங்க வேண்டும். சாதாரண ஆன்டெனாவை அங்கே எவ்வளவு திருகினாலும் சரிவராது.

எஸ்.டபிள்யூ.ஆர். அளவை எப்படிப் புரிந்துகொள்வது? 3 என்றால் அனுப்பிய சக்தியில் கால் பங்கு ஆன்டெனாவில் மோதித் திரும்புகிறது. 2 என்றால் சுமார் 11 சதவீதம், 1.5 என்றால் வெறும் 4 சதவீதம். 1.5-ஐ 1.1 ஆக்குவதற்காக ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏணியில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்முனையில் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் 3-க்கு மேல் காட்டும்போது மைக்கை அழுத்திக்கொண்டே இருப்பது ரேடியோவின் வெளியீட்டு டிரான்சிஸ்டருக்கு ஆபத்து. ஆன்டெனாவே மாட்டாமல் “சும்மா சோதித்துப் பார்க்க” அழுத்துவது அதைவிட மோசம்.

அளப்பதிலும் தவறுகள் நடக்கும். வீட்டு கராஜுக்குள், இரும்புக் கதவுக்குப் பக்கத்தில், வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆன்டெனா அருகே ஒருவர் நின்றுகொண்டு அளந்தால் வரும் எண் உங்கள் ஆன்டெனாவுடையது அல்ல, அந்த இடத்துடையது. திறந்த வெளிக்கு ஓட்டிப் போங்கள். கதவுகளையும் பானட்டையும் மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். மீட்டரை ஒவ்வொரு சேனலிலும் புதிதாகக் காலிபரேட் செய்த பிறகே படிக்க வேண்டும். 1-ஆம் சேனலிலும் 40-ஆம் சேனலிலும் அளந்து ஒப்பிடுங்கள். 1-இல் அதிகம், 40-இல் குறைவு என்றால் ஆன்டெனா குட்டை, நீட்ட வேண்டும். 40-இல் அதிகம் என்றால் நீளம், குறைக்க வேண்டும். இரண்டிலும் 3-ஐத் தாண்டினால் நீளத்தைத் தொடாதீர்கள். எர்த்தையும், கேபிளில் ஷார்ட் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

வெட்டும்போது அவசரம் வேண்டாம். 40 சேனல்களும் சேர்ந்து 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 0.44 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். 102 அங்குல விப்பில் அந்த அகலம் முழுவதற்கும் ஈடான நீளம் நாலே சென்டிமீட்டர். காயில் சுற்றிய குட்டை ஆன்டெனாவில் அதைவிடக் குறைவு. ஒரு சென்டிமீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு நறுக்கினால் 40 சேனல்களின் அகலத்தில் கால்வாசியைத் தாண்டிப் போய்விடுவீர்கள், ஒட்டவைக்கவும் முடியாது. முனையில் திருகு உள்ளதை வாங்கினால் இந்தக் கவலையே இல்லை. வெட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு மூன்று, நாலு மில்லிமீட்டர்.

இனி, பலரும் நம்ப மறுக்கும் ஒன்று. எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருப்பதால் மட்டும் ஆன்டெனா நன்றாக வேலை செய்கிறது என்று ஆகாது. ரேடியோவில் ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடை (சக்தியை வெப்பமாக்கி விழுங்கும் மின்தடையை) மாட்டிப் பாருங்கள்: மீட்டர் 1 என்று காட்டும், பக்கத்துத் தெருவுக்குக்கூடக் குரல் போகாது. சக்தி அத்தனையும் சூடாகிவிடுகிறது, திரும்பி வர ஒன்றும் இல்லை. மழைத்தண்ணீர் இறங்கிய பழைய கேபிளும் இதையே செய்யும். போகும்போது கொஞ்சம் தின்னும், திரும்பி வருவதிலும் கொஞ்சம் தின்னும். மீட்டருக்கு அழகான எண் வரும். மாறாக, உலோகக் கூரையில் சரியாக நிற்கும் முழுக் கால் அலை விப்பின் மின்தடை 36 ஓம் அளவில் இருப்பதால் மீட்டர் 1.4 காட்டும், அது ஆரோக்கியமான ஆன்டெனா. அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல், சில மைல் தள்ளி இருக்கும் நண்பரிடம் சிக்னல் முள் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒற்றை ஆன்டெனாவுக்கு 50 ஓம் கேபிள். டிவிக்கு வரும் 75 ஓம் கேபிள் கையில் இருக்கிறதே என்று போடாதீர்கள். இரட்டை ஆன்டெனாவுக்கு அதற்கென்று வரும் ஜோடிக் கேபிள். கண்டிப்பாக 18 அடி இருக்க வேண்டும் என்பது ஒரு நம்பிக்கைதான். எர்த் சரியாக இருந்தால் நீளம் முக்கியமில்லை. இரட்டை ஆன்டெனா ஒன்றுக்கொன்று எட்டு ஒன்பது அடி தள்ளி நின்றால்தான் பலன். சின்ன ஜீப்பில் இரண்டு வைப்பது அலங்காரம்.

இவ்வளவையும் விட்டுவிட்டு “லீனியர்” என்கிற பெருக்கியை வாங்குபவர்கள் உண்டு. அமெரிக்காவில் சிபியோடு அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். பலனும் நினைக்கிற அளவுக்கு இல்லை: சக்தியை நாலு மடங்காக்கினால்தான், 4 வாட்டை 16 வாட் ஆக்கினால்தான், எதிர்முனையில் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரே ஒரு படி ஏறும். நீங்கள் கேட்கும் திறன் துளியும் கூடாது. நல்ல ஆன்டெனாவோ அனுப்பும்போதும் உதவும், கேட்கும்போதும் உதவும். நாலு வாட்டுக்கென்று செய்த மெல்லிய காயில் ஆன்டெனாவை நூற்றுக்கணக்கான வாட்டில் ஓட்டினால் காயில் உருகும். பெட்டியில் போட்ட வாட் எண்ணுக்கு உண்மையில் அர்த்தம் வருவது அங்கேதான்.

இந்தியாவில் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005 விதிப்படி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்கு உட்பட்ட கருவிக்கு உரிமம் வேண்டாம், ஆனால் ஆன்டெனா கருவியோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். இங்கே சொன்னபடி வண்டியில் தனி ஆன்டெனா பொருத்த அந்த விலக்கு இடம் கொடுக்காது.

எல்லாம் சரியானதும் 1, 20, 40 சேனல்களின் அளவுகளை ஒரு துண்டு டேப்பில் எழுதி சன் வைசருக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். கனெக்டரின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். பெருமழைக்குப் பிறகோ ஆன்டெனா எங்காவது இடித்த பிறகோ மறுபடி அளக்கும்போது, என்ன மாறியிருக்கிறது என்று அந்தத் துண்டு டேப் சொல்லிவிடும்.