ஆக்சஸ் ஃபார்மை எப்படி மூடினார்கள்? கண்டுபிடிக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் பில் போடும் ஃபார்ம் (தரவை நிரப்பும் திரை) ஒன்று. கீழே ‘சேமி’, ‘வேண்டாம்’ என இரண்டு பட்டன். கடைக்காரர் இரண்டையும் தொடாமல், மேல் மூலையில் இருக்கும் எக்ஸ் குறியை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அரைகுறை பில், தரவு சேரும் டேபிளில் ஏறியிருக்கும். அவர் எந்த வழியாக மூடினார் என்று நிரலில் தெரிந்துகொள்ள முடியாதா என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

எக்செலில் பழகியவர்கள் அங்கே யூசர்ஃபார்முக்கு (எக்செலின் ஃபார்ம்) எழுதும் குவெரிகுளோஸ் ஈவென்ட்டை (ஏதாவது நடக்கும்போது தானாக ஓடும் நிரல்) அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிடுவார்கள். அங்கே அது குளோஸ்மோட் என்று ஓர் எண்ணைத் தரும்: 0 என்றால் எக்ஸ் குறி, 1 என்றால் நிரலே மூடியது. ஆக்சஸ் ஃபார்மில் இந்த ஈவென்ட்டே கிடையாது. ஆனாலும் கம்பைல் செய்தால் (நிரலைச் சரிபார்த்து ஓடத் தயாராக்கினால்) பிழை வராது. யாரும் கூப்பிடாத சாதாரண சப் (நிரல் துண்டு) என்று ஆக்சஸ் அதை விட்டுவிடும். நிரலை நடுவில் நிறுத்தும் பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு, ஏன் நிற்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

அடுத்த தவறுதான் பெரியது: ‘சேமிக்கவா?’ என்ற கேள்வியை, ஃபார்ம் மூடும்போது ஓடும் அன்லோட் ஈவென்ட்டில் வைப்பது. ரெக்கார்டில் (டேபிளின் ஒரு வரி) மாற்றம் இருக்கும்போது ஃபார்மை மூடினால் நடக்கும் வரிசை இது: பிஃபோர்அப்டேட் (சேமிக்கும் முன்), ஆஃப்டர்அப்டேட் (சேமித்த பின்), அன்லோட், டீஆக்டிவேட், குளோஸ். அன்லோட் வருவதற்குள் ரெக்கார்ட் டேபிளுக்குப் போய்விட்டது. அங்கே ‘வேண்டாம்’ என்று சொன்னாலும், சேமிக்காத மாற்றத்தை நீக்கும் மி.அன்டூ போட்டாலும் ஒன்றும் திரும்பாது. சேமிப்பதைத் தடுக்க பிஃபோர்அப்டேட். ஃபார்ம் மூடுவதைத் தடுக்க அன்லோட். இரண்டிலும், நடப்பதை நிறுத்தும் கேன்சல் உண்டு. குளோஸ் ஈவென்ட்டில் அதுவும் இல்லை.

பில்லின் தலைப்பு மெயின் ஃபார்மிலும் சரக்கு வரிகள் அதற்குள் இருக்கும் சப்ஃபார்மிலும் இருந்தால் சிக்கல் இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. கர்சர் சப்ஃபார்முக்குள் போன நொடியே மெயின் ரெக்கார்ட் சேமிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு ‘வேண்டாம்’ பட்டன் மி.அன்டூ செய்வதில் அர்த்தமில்லை. பில் முழுவதும் ரத்தாக வேண்டுமென்றால் தற்காலிக டேபிளில் எழுதி, கடைசியில் மாற்றுங்கள்.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஃபார்ம் மாட்யூலின் (அதன் நிரல் பக்கம்) உச்சியில் ஒரு பூலியன் மாறி (ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் வைத்திருப்பது). தொடக்கத்தில் அது ஃபால்ஸ். உங்கள் பட்டன் மூடப்போகும்போது மட்டும் அதை ட்ரூ ஆக்கும். அன்லோடில் பார்க்கும்போது ஃபால்ஸ் என்றால், உங்கள் பட்டன் வழியாக வரவில்லை என்று அர்த்தம். எக்ஸ் குறியா, கன்ட்ரோல்+எஃப்4-ஆ, ஆக்சஸையே மூடினாரா என்று பிரித்துச் சொல்லாது. பெரும்பாலும் அது தேவையும் இல்லை.

இந்த மாறியிலும் ஓர் ஓட்டை உண்டு. ‘சேமி’ அழுத்தியதும் ட்ரூ ஆகிறது. பிஃபோர்அப்டேட் ‘வாடிக்கையாளர் பெயர் இல்லை’ என்று தடுக்கிறது. ஃபார்ம் திறந்தே இருக்கிறது. மாறியும் ட்ரூவாகவே நிற்கிறது! அடுத்து எக்ஸ் அழுத்தினால் உங்கள் சோதனையைத் தாண்டிப் போய்விடுவார். எனவே முதலில் ரெக்கார்டைச் சேமியுங்கள், அது வெற்றியானால் மட்டும் ட்ரூ ஆக்குங்கள். அன்லோடைத் தடுக்கும் இடத்திலெல்லாம் மறுபடி ஃபால்ஸ் ஆக்குங்கள்.

சேமிப்பதை, ஃபார்மை மூடும் கட்டளையான டூகமாண்ட்.குளோஸ் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். கட்டாயப் புலம் ஒன்று காலியாக இருந்தால், அது ரெக்கார்டைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிட்டு ஃபார்மை மூடிவிடும். எக்ஸ் குறி கூட எச்சரிக்கை காட்டும், உங்கள் சொந்தப் பட்டன் காட்டாது! டூகமாண்ட்.குளோஸோடு சேர்க்கும் ஏசிசேவ்யெஸ் ஃபார்மின் வடிவமைப்பைச் சேமிக்கத்தான், தரவுக்கு அல்ல. அதற்கு முந்தைய வரியில், ரெக்கார்டை உடனே சேமிக்கச் சொல்லும் மி.டர்ட்டி = ஃபால்ஸ் என்று எழுதுங்கள்; சேமிக்க முடியாவிட்டால் பிழை அங்கேயே வெளிப்படும். அன்லோட் தடுத்தால் டூகமாண்ட்.குளோஸ் 2501 என்ற பிழையைத் தரும். அதை மட்டும் பிடித்து விட்டுவிடலாம். எந்தப் பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் ஆன் எரர் ரிஸ்யூம் நெக்ஸ்ட் போட்டு மொத்தத்தையும் மூடி மறைப்பது வேறு வகைத் தலைவலி.

குளோஸ்பட்டன் பண்பை ‘நோ’ ஆக்கி எக்ஸ் குறியைச் செயலிழக்க வைப்பது எளிது. ஆனால் ஆக்சஸ் சாளரத்தையே மூடினால் உங்கள் ஃபார்மும் சேர்ந்துதான் மூடும். அதையும் அன்லோடில் கேன்சல் போட்டுத் தடுத்தால் ஆக்சஸே மூடாது. சேமிக்கவும் முடியாமல் வெளியேறவும் முடியாமல் மாட்டிக்கொண்டவர் டாஸ்க் மேனேஜரைத் திறப்பார். அங்கே ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தாலும், மின்சாரம் போனாலும், மேலே சொன்ன எந்த ஈவென்ட்டையும் நம்ப முடியாது. யார் எப்போது வெளியேறினார் என்று குளோஸ் ஈவென்ட்டில் எழுதிவைக்கும் டேபிளில் சில வரிகள் காலியாகவே இருக்கும். அறிக்கை எழுதும்போது அந்தக் காலி இடங்களை ‘இன்னும் உள்ளே இருக்கிறார்’ என்று கணக்கில் எடுக்காதீர்கள்.